சுவரும் பந்தும் சிந்தனையும்

டென்னிஸ் ஆட்டத்தின் வரலாற்றிலே இலங்கைக் கோப்பித் தோட்டம் ஒன்றிலிருந்து சென்ற ஒருவருக்குத் தனியிடம் உண்டென்று சொன்னால் வாசகர்கள் பலர் வியப்படையக்கூடும். அவர் பெயர் பிராங் ஹடோ. ஆங்கிலேயர், ஹரோ பாடசாலையிற் பயின்றவர், இங்கே கோப்பி பயிரிட்டுக்கொண்டிருந்தவர். 1878 ஆம் ஆண்டில் விடுமுறை பெற்றுத் தாய்நாடு சென்ற அவர், விம்பிள்டனில் நடைபெற்ற டென்னிஸ் போட்டியிலே தாமும் ஒருவராகச் சேர்ந்துகொண்டார். இன்று உலகம் முழுவதும் ஆவலோடு எதிர்பார்க்கும் அந்தப் போட்டி அப்பொழுது இரண்டாம் முறையாகவே நடந்தது. முதலாண்டில் அதிற் கலந்துகொண்டோர் 22 பேர் மாத்திரமே.

அம்முதலாண்டிலே வெற்றிபெற்றவர் ஸ்பென்சர் கோர் என்பவர். அவர் வென்ற வகை புதுமையானது. மற்றவர்கள் ஆடுகளத்தின் பின்கோட்டருகே நின்று, பந்து நிலத்திற் பட்டு எழும்வரை காத்திருந்து அடிப்பார்கள். கோரோ வலைக்கு அண்மையில் வந்து நின்று, பந்து நிலத்தைத் தொடுமுன்னரே வலமும் இடமுமாகத் தட்டிவிடுவார். அக்காலத்து வலை நடுவிலே தாழ்ந்தும், இரு கம்பங்களின் பக்கத்திலே இன்றைய வலையினும் மிக உயர்ந்தும் இருந்தது. ஆகவே கோரின் பக்கவாட்டாகப் பந்தைச் செலுத்த விரும்புவோர் வலையின் உயர்ந்த பகுதியைத் தாண்டியே செலுத்தவேண்டும். அது எளிதன்று. வலையருகே நிற்கும் அந்த மனிதரை என்ன செய்வதென்று எதிர்த்தாடியோர் திகைத்தனர்.

ஹடோ திகைக்கவில்லை. வலத்தாலும் இடத்தாலும் வழியில்லையாயின் மேலே வழியுண்டு என்று கண்டார். பந்தை உயரத் தூக்கிக் கோரின் தலைக்கு மேலாக அனுப்பி அவருக்குப் பின்னே விழச்செய்தார். கோர் ஓடித் திரும்பியும் பயனில்லாது போயிற்று. 7-5, 6-1, 9-7 என்ற கணக்கில் ஹடோ வென்றார். அந்தப் போட்டி முழுவதிலும் அவர் ஒரு செட்டைக்கூட இழக்கவில்லை. பிறகு அவர் இலங்கைக்குத் திரும்பிவிட்டார். பட்டத்தைக் காத்துக்கொள்ள அடுத்த ஆண்டு போகவுமில்லை. விம்பிள்டனின் பொன்விழா கொண்டாடப்பட்ட 1926 ஆம் ஆண்டிலேதான் அவர் மீண்டும் அங்கே காணப்பட்டார். (அவர் பயிரிட்ட கோப்பிக்கு அவ்வளவு ஆயுள் இருக்கவில்லை. 1869 இல் இங்கே தலைகாட்டிய இலைநோய் அதனைத் தின்று தீர்த்துவிட, கோப்பி நின்ற மலைச்சரிவுகளிலே தேயிலை வந்து குடியேறிற்று.)

தலைக்கு மேலாகப் பந்தை அனுப்பலாம் என்பது சிறு பிள்ளைக்கும் தோன்றக்கூடிய யோசனைதானே என்று நினைக்கலாம். தோன்றலாம். ஆனால் தோன்றுவது பாதி வேலை. வலைக்கும் பின்கோட்டுக்கும் இடையிலுள்ள தூரம் 39 அடி. எதிரியின் மட்டைக்கு எட்டாத உயரத்திற் பந்து போகவும் வேண்டும். அந்த 39 அடிக்குள் அது விழவும் வேண்டும். கை சிறிது தாழ்ந்தாற் பந்து எதிரியின் மட்டைக்கு விருந்து; சிறிது மிஞ்சினாற் கோட்டுக்கு வெளியே. அக்காலத்து விதிப்படி, பட்டத்தை வைத்திருப்பவர் இறுதி ஆட்டம் வரை சும்மா இருக்கலாம். சவால் விடுபவரோ அதற்கு முந்திய ஆட்டங்கள் அனைத்தையும் ஆடி வென்று வரவேண்டும். ஆகவே கோரை எதிர்கொண்ட வேளையில் ஹடோவின் கை அந்த ஆடுகளத்தின் அளவை அறிந்திருந்தது. அறிந்திருந்த கைக்கே அந்த யோசனை பயன்பட்டது.

கதை அத்துடன் முடியவுமில்லை. 1880 ஆம் ஆண்டுகளில் றென்ஷோ என்னும் இரட்டைச் சகோதரர்கள் தோன்றினர். தலைக்கு மேலே வரும் பந்தைப் பின்னோக்கி ஓடிப் பிடிப்பதேன், வானத்திலேயே வைத்து ஓங்கி அறைந்தாலென்ன என்று அவர்கள் அதற்கு மறுமொழி கண்டனர். மூத்தவராகிய வில்லியம் ஏழு தடவை விம்பிள்டன் பட்டத்தை வென்றார். ஒருவரது புதுமை மற்றொருவருக்குக் கேள்வியாகிறது. அக்கேள்விக்கு விடை ஆடுகளத்திலே கிடைக்கிறது.

இவற்றையெல்லாம் இங்கே சொல்லவந்த காரணம் வேறு. எமது வீடுகளிலே இரண்டு நம்பிக்கைகள் வேரூன்றியிருக்கின்றன. பயிற்சி என்றால் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்து அலுத்துப்போவது என்பது ஒன்று. புதிதாகச் சிந்திக்கும் ஆற்றல் பிறவியிலே வருவது, அதைப் பயில முடியாது என்பது மற்றது. இவ்விரண்டையும் நம்பும் பெற்றோர், பரீட்சை ஆண்டு வந்தவுடன் பிள்ளையின் மட்டையை அலுமாரியின் உச்சியிலே தூக்கி வைத்துவிடுகிறார்கள். பாடசாலை விட்டு வந்த பிள்ளை தனியார் வகுப்புக்கு ஓடுகிறது. அங்கிருந்து வந்து விளக்கைக் கொளுத்திக்கொண்டு பழைய வினாத்தாளை மனனஞ் செய்கிறது. வினா சற்றே மாறி வந்தால் விழிக்கிறது. மட்டையை எடுத்து வைத்ததனாலே மிச்சமான ஒரு மணி நேரம் உண்மையில் மிச்சமாயிற்றா என்பதே எமது கேள்வி.

டில்டனின் குளிர்காலம்

பயிற்சி எப்படிப்பட்டதாக இருத்தல்வேண்டும் என்பதற்கு டென்னிஸ் வரலாற்றிலே நாம் எடுத்துக்காட்டக்கூடிய மிகச் சிறந்த உதாரணம் அமெரிக்கரான பில் டில்டன். 1919 ஆம் ஆண்டு அமெரிக்க தேசியப் போட்டியின் இறுதியாட்டத்திலே அவர் பில் ஜோன்ஸ்டன் என்பவரிடம் ஒரு செட்டேனும் பெறாமல் தோற்றார். டில்டன் உயரமானவர், பந்தைப் போடுவதில் இடிபோன்றவர். ஜோன்ஸ்டன் உருவிற் சிறியவர். ஆனாற் சிறியவர் பெரியவரிடம் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தார். மட்டை பிடித்த கைக்கு எதிர்ப்புறமாக வரும் பந்தைப் புறங்கையால் அடிக்கவேண்டும் அல்லவா? அந்தப் புறங்கை அடி டில்டனுக்குச் சரியாக வராது. பந்தைச் சீவி மெல்லத் திருப்பி அனுப்புவாரேயன்றித் தாக்கி அடிக்க அவரால் இயலாது. ஜோன்ஸ்டன் அந்தப் பக்கமே பந்தை அனுப்பிக்கொண்டிருந்தார்.

அப்பொழுது டில்டனுக்கு வயது 26. இனி இப்படியே காலத்தை ஓட்டலாம் என்று எண்ணும் வயதுதான். அவர் அவ்வாறு எண்ணவில்லை. றோட் ஐலன்ட் மாநிலத்திலுள்ள பிரொவிடன்ஸ் நகருக்குச் சென்றார். அங்கே கூரையிட்ட ஆடுகளம் ஒன்று இருந்தது. வெளியே பனி பெய்துகொண்டிருந்த அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் அங்கே புறங்கை அடி ஒன்றையே புதிதாகக் கற்றார். மட்டையைப் பிடிக்கும் பிடியை மாற்றினார். தோளைத் திருப்பும் விதத்தை மாற்றினார். சீவுவதை விட்டுத் தாக்கப் பழகினார்.

1920 ஆம் ஆண்டிலே விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் பட்டத்தை வென்ற முதல் அமெரிக்கர் ஆனார் டில்டன். அதே ஆண்டில் அமெரிக்கப் போட்டியின் இறுதியிலே அதே ஜோன்ஸ்டனை ஐந்து செட்டுகளில் வென்றார். அதிலிருந்து 1925 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து அந்தப் பட்டம் அவரிடமே இருந்தது.

இதிலே கவனிக்கவேண்டியது அவர் எத்தனை ஆயிரம் பந்துகளை அடித்தார் என்பதன்று. பிரொவிடன்ஸ் நகருக்கு அவர் கொண்டுசென்றது ஒரு கேள்வி: "இந்தப் பக்கம் வரும் பந்தை நான் ஏன் தாக்க முடியாதிருக்கிறேன்?" ஒவ்வொரு பந்தும் அந்தக் கேள்விக்கு ஒரு விடை. சரியான விடை அல்லது பிழையான விடை. கேள்வி இல்லாமல் அடிக்கப்படும் பந்து வெறும் பந்துதான்; வியர்வை வரும், வித்தை வராது.

பின்னர் நடந்ததை நாம் இன்னும் பெரிதாக மதிக்கிறோம். 1922 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே டில்டனின் வலக்கை நடுவிரலிற் காயம்பட்டு நஞ்சேறியதால், அவ்விரலின் நுனிப்பகுதியை வெட்டி அகற்றவேண்டியதாயிற்று. மட்டை பிடிக்கும் கை அது. வேறொருவராயின் ஆட்டத்துக்கே முழுக்குப் போட்டிருப்பார். டில்டனோ பிடியை மறுபடியும் மாற்றிக்கொண்டு அடுத்த மூன்று ஆண்டுகளிலும் அமெரிக்கப் பட்டத்தை வென்றார். ஒரு தடவை பிடியை மாற்றிப் பழகிய கை, இரண்டாந் தடவையும் மாற்ற அஞ்சவில்லை. புதுமை செய்யும் துணிவு என்பது இப்படியுஞ் சேர்கிறது.

தமிழர்களுக்கு இன்னொரு பெயர் நினைவில் வரும். ராமநாதன் கிருஷ்ணன் சென்னையிலே தம் தந்தை ராமநாதனிடம் பயின்றவர். 1954 ஆம் ஆண்டில் விம்பிள்டன் இளையோர் பட்டத்தையும் வென்றார்; 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் அங்கே அரையிறுதி ஆட்டம் வரையும் சென்றார். அவர் பந்தைப் போடும் வேகத்திலே இடியும் இல்லை, மின்னலும் இல்லை. அளவும் இடமுமே அவருடைய ஆயுதங்கள். எதிரி எங்கே இல்லையோ அங்கே பந்து போகும். 1961 இல் றோய் எமர்சனை அவர் காலிறுதியிலே வீழ்த்தினார் என்றால், பலத்துக்கு ஈடாக வேறொன்றைத் தம் பயிற்சியிலே அவர் சேர்த்திருந்தார் என்பதே பொருள்.

ஆட்டத்தின் நடுவே யோசித்து யோசித்து ஆட முடியுமா என்று மாணவர்கள் கேட்கலாம். முடியாது. மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்திற் போடப்படும் பந்து 78 அடி நீளமான ஆடுகளத்தைக் கடந்து வர ஏறக்குறைய அரை வினாடியே எடுக்கும். பந்து மட்டையிலே தங்கியிருக்கும் நேரமோ ஒரு வினாடியின் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு. அந்த நேரத்துக்குள் எவருடைய அறிவும் ஆலோசனைச் சபை கூட்ட முடியாது. காலை எங்கே வைப்பது, தோளை எப்பொழுது திருப்புவது என்பவையெல்லாம் முன்னரே பழகி உடம்பில் இறங்கியிருத்தல்வேண்டும். அவை இறங்கிவிட்டால் மனம் விடுதலை பெறுகிறது. எதிரியின் நிற்கும் நிலையைப் பார்க்கிறது; காற்றைப் பார்க்கிறது; "இந்த முறை வேறுவிதமாகச் செய்தாலென்ன?" என்று கேட்கிறது. பழக்கம் சிந்தனைக்குப் பகை என்பார் இதை மறந்துவிடுகிறார்கள்.

கலந்து பயில்வதன் நன்மை

இனி ஆராய்ச்சியாளர் கண்ட சிலவற்றைச் சொல்வோம். 1978 ஆம் ஆண்டில் கெர், பூத் என்னும் இருவர், சிறு துணிப்பையைக் குறிபார்த்து எறியும்படி பிள்ளைகளைப் பழக்கினர். ஒரு பகுதியினர் மூன்றடி தூரத்திலிருந்த குறிக்கு மாத்திரம் எறிந்து பழகினர். மற்றப் பகுதியினர் இரண்டடிக்கும் நான்கடிக்கும் மாறி மாறி எறிந்தனர்; மூன்றடிக்கு எறியவே இல்லை. இறுதியிலே இரு பகுதியினரையும் மூன்றடிக்கு எறியச் சொன்னார்கள். யார் திறமையாக எறிந்தனர் என்று எண்ணுகிறீர்கள்? மூன்றடிக்கு எறிந்தே பழகாத பிள்ளைகள்!

1986 ஆம் ஆண்டில் கூட், மகில் என்போர் பட்மின்டன் ஆட்டத்திலே இதை ஆராய்ந்தனர். பந்தைப் போடும் வகைகள் மூன்றையும் நாளுக்கொன்றாகப் பயின்றவர்களைவிட, மூன்றையும் கலந்து கலந்து பயின்றவர்களே பின்னர் வைத்த சோதனையிலே சிறந்து நின்றனர். ஆடுகளத்தின் மற்றப் பக்கத்திலிருந்து போடச் சொன்னபோதும் அவர்களே முந்தினர்.

பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்கள் அடுத்ததை ஊன்றிப் படிக்கவேண்டும். 2007 ஆம் ஆண்டில் றோரர், டெய்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் கல்லூரி மாணவர்களுக்குக் கனவளவு காணும் கணக்குகளைக் கொடுத்தனர். ஒரு பகுதியினர் ஒரு வகைக் கணக்கை முடித்த பின்னரே அடுத்த வகைக்குச் சென்றனர். மற்றவர்களுக்கு எல்லா வகைகளும் கலந்து வந்தன. பயிற்சி நேரத்திலே முதற் பகுதியினர் நூற்றுக்கு 89 வீதம் சரியாகச் செய்தனர். கலந்து செய்தோர் 60 வீதந்தான். ஒரு கிழமை கழித்து இரு பகுதியினருக்கும் சோதனை வைத்தபோது நிலைமை தலைகீழாயிற்று. முதற் பகுதியினர் பெற்றது 20 வீதம். கலந்து செய்தோர் 63 வீதம்.

காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. ஒரே வகைக் கணக்கு வரிசையாக வரும்போது முதற் கணக்கிலே மாத்திரமே மூளை வேலை செய்கிறது. மற்றவற்றிலே கை ஓடுகிறது, மூளை உறங்குகிறது. வகைகள் கலந்து வரும்போது ஒவ்வொரு தடவையும் "இது எந்த வகை? இதற்கு எது பொருந்தும்?" என்று கேட்டாகவேண்டும். அதனாற் பிழைகள் கூடுகின்றன; பயில்பவருக்குத் தாம் முன்னேறவில்லை என்ற மனச்சோர்வுங்கூட வருகிறது. பெற்றோரும் ஆசிரியரும் தவறிழைப்பது இந்த இடத்திலேதான். பயிற்சி வேளையிலே பிழை விடாத பிள்ளையைப் புகழ்ந்து, தடுமாறுகின்ற பிள்ளையைக் கடிந்துகொள்கிறார்கள்.

டென்னிஸ் ஆடினாற் கணக்கு வரும் என்று நாம் சொல்லவில்லை. மட்டையாற் பந்தை அடிக்கும் வித்தை மட்டையோடுதான் நிற்கும். ஆனாற் பயில்வது எப்படி என்னும் வித்தையை மாலைநேர ஆட்டத்திலே ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால், அதை இரவிலே புத்தகத்துக்கும் கொண்டுபோகலாம். அடித்த பந்து வெளியே விழுந்ததும் ஏன் விழுந்தது என்று கேட்டுப் பழகிய பிள்ளை, பிழைத்த கணக்கையும் அழித்துவிட்டு ஓடாமல் ஏன் பிழைத்தது என்று பார்க்கும். ஆடுகளத்திலே பிழைக்கு அடி விழுவதில்லை. அடுத்த பந்து வருகிறது. அந்தச் சுதந்திரம் பிள்ளைக்கு வேறெங்கே கிடைக்கிறது?

புதிய எண்ணம் எப்பொழுது உதிக்கிறது என்பதைப் பற்றிப் பிரெஞ்சுக் கணித மேதை ஹென்றி புவான்காரே 1908 ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். ஒரு கணிதப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு இரண்டு கிழமைகள் நாள்தோறும் மேசையருகே ஒரு மணி, இரண்டு மணி நேரம் அமர்ந்து முயன்றாராம். விடை கிட்டவில்லை. ஒரு நாள் மாலை வழக்கத்துக்கு மாறாகக் கறுப்புக் கோப்பி அருந்தினார், நித்திரை வரவில்லை, எண்ணங்கள் ஒன்றோடொன்று மோதின, விடியும்வேளை முதற்படி கைகூடிற்று. அடுத்த பெரிய உண்மையோ, அவர் கணிதத்தை மறந்து பயணஞ் செய்துகொண்டிருந்தபோது, குதிரைவண்டியின் படியிலே கால் வைத்த அந்தக் கணத்தில் மின்னலைப்போல் வந்ததாம்.

இதைக் கேட்டதும் "அப்படியானால் நாமும் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாற் போதுமே" என்று சோம்பேறி மகிழ்வான். புவான்காரே அந்த வாசலையும் அடைத்துவிட்டார். முன்னே பலநாள் முயன்று தோற்றிராவிட்டால் அந்த மின்னல் வந்திராது. வந்த பின்னரும் அமர்ந்து சரிபார்த்திராவிட்டால் அது நிலைத்திராது என்றும் அவர் விளக்கினார். முயற்சி, ஓய்வு, மறுபடியும் முயற்சி என்ற இந்தத் தாளத்திலே ஓய்வு இருக்கவேண்டிய இடத்தில் மாலைநேர விளையாட்டு அழகாகப் பொருந்துகிறது. 2014 ஆம் ஆண்டில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தினர் நடத்திய ஆய்வொன்றும், இருந்த இடத்தில் இருப்போரைவிட நடந்து திரிவோருக்குப் புதிய எண்ணங்கள் மிகுதியாகத் தோன்றுவதைக் காட்டியது.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. அந்திரே அகாசியின் தந்தை, லாஸ் வேகாஸ் நகரிலிருந்த தம் வீட்டு வளவிலே பந்தெறியும் இயந்திரம் ஒன்றை அமைத்து, ஏழு வயது மகனை நாளொன்றுக்கு 2,500 பந்துகள் அடிக்கச் செய்தார். அப்படி அடித்தால் ஆண்டுக்கு ஏறக்குறையப் பத்து லட்சம். பத்து லட்சம் அடித்தவனை எவனும் வெல்லமுடியாது என்பது அவர் கணக்கு. கணக்குப் பிழைக்கவில்லை. மகன் நான்கு பெரும் போட்டிகளையும் வென்றார். ஆனால் 2009 ஆம் ஆண்டிலே வெளிவந்த தம் சுயசரிதையில், டென்னிஸை வாழ்நாளெல்லாம் வெறுத்ததாக அந்த மகனே எழுதினார். பிள்ளைகளை வெற்றிக்காகவே வளர்க்கும் பெற்றோர் இதை எப்படி எடுத்துக்கொள்வார்களோ நாமறியோம். வெற்றிக்கு அந்த விலை கூடுதல் என்பது எமது அபிப்பிராயம். அத்தோடு, அந்த விலையைக் கொடுத்த பிள்ளைகளுள் வெற்றி பெறாது போனவர்கள் சுயசரிதை எழுதுவதில்லை.

அகாசியே தம் சொந்தக் கண்ணால் ஆடத் தொடங்கியபின் நடந்தது வேறு. போரிஸ் பெக்கரின் பந்துபோடும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் அவர் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றார். பிறகு பெக்கரின் ஆட்டப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தாராம். பந்தைப் போடுமுன் பெக்கர் நாவை நீட்டும் பழக்கமுடையவர். நா நீளும் திசையே பந்து போகும் திசை என்று கண்டுகொண்டதாகப் பிற்காலத்தில் அகாசி சொன்னார். அதன்பின் நடந்த பதினொரு ஆட்டங்களிற் பத்திலே வென்றவர் அகாசி. அந்த இரகசியத்தை எப்பொழுதும் பயன்படுத்தினாற் பெக்கர் அறிந்துகொள்வார் என்பதால், முக்கியமான வேளைகளுக்கென்று அதை ஒளித்துவைப்பதே தமக்குப் பெரும் பாடாக இருந்ததென்றும் அவர் வேடிக்கையாகச் சொன்னதுண்டு.

ஒரு கதவும் ஒரு பையனும்

எமது ஊர்களிலே டென்னிஸ் ஆடுகளங்கள் எத்தனை இருக்கின்றன, பணம் படைத்தோரின் ஆட்டமல்லவா இது என்று சிலர் சொல்வர். சுவீடன் நாட்டிலே பியோன் போர்க் என்னும் பையனும் ஆடுகளத்திலே தொடங்கியவனல்லன். மேசைப்பந்துப் போட்டியொன்றிலே அவன் தந்தைக்குப் பரிசாகக் கிடைத்த டென்னிஸ் மட்டை அவன் கைக்கு வந்தது. புதிதாகப் பயில்வோருக்கான வகுப்பிலே அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகவே வீட்டு மோட்டார்க் கொட்டகையின் கதவோடு ஆடத் தொடங்கினான்.

வெறுமனே ஆடவில்லை. டேவிஸ் கிண்ணப் போட்டி நடப்பதாகக் கற்பனை செய்துகொண்டான். கதவு அமெரிக்கா, தான் சுவீடன். பந்தை இத்தனை தடவை தவறவிடாது அடித்தாற் சுவீடனுக்கு ஒரு புள்ளி; தவறினால் அமெரிக்காவுக்கு. பிள்ளை விளையாட்டு என்று சிரிக்கவேண்டாம். அலுப்பூட்டும் ஒரு வேலையை அலுக்காத வேலையாக மாற்றுவதற்கு ஒரு சிறுவன் செய்த கண்டுபிடிப்பு அது. ஐஸ் ஹொக்கித் தடியைப் பிடித்துப் பழகிய கைகள், டென்னிஸ் மட்டையையும் இரு கைகளாற் பிடித்துப் புறங்கை அடி அடித்தன. முறைதெரிந்தோர் பலர் அது முறையன்று என்றனர். 1976 முதல் 1980 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து விம்பிள்டன் பட்டம் அந்த முறையில்லாத முறைக்கே போயிற்று.

இதேபோல, அமெரிக்காவிலே பஞ்சோ கொன்சாலெஸ் தாய் வாங்கிக்கொடுத்த 51 சதம் பெறுமதியான மட்டையோடு தொடங்கி, பிறர் ஆடுவதைப் பார்த்தே கற்று, 1948, 1949 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அந்நாட்டின் பட்டத்தை வென்றார்.

ஆகவே, சாந்து பூசிய சுவர் ஒன்று போதும். நிலத்திலிருந்து மூன்றடி உயரத்திலே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு இழுத்துக்கொள்ளவேண்டும். வலையின் நடுப்பகுதியின் உயரம் அதுதான். கோட்டுக்கு மேலே நான்கு கட்டங்கள் வரைந்து இலக்கமிட்டுக்கொள்ளலாம். சிறுவர்கள் பத்தடி தூரத்தில் நின்று மெல்லத் தொடங்கலாம். கை பழகப் பழகப் பின்னே போகலாம். புதிய பந்து துள்ளிப் பாய்ந்து சிறுவரை மிரட்டும். தேய்ந்து மெலிந்த பழைய பந்தே நல்லது. பத்து வயதுக்கு உட்பட்டோரின் போட்டிகளிலே வழக்கமான பந்தை விலக்கி, வேகங்குறைந்த சிவப்பு, செம்மஞ்சள், பச்சைப் பந்துகளையே பாவிக்கவேண்டுமென்று 2012 இலிருந்து சர்வதேச விதியே வந்துவிட்டது. எமது வீட்டு மூலையிற் கிடக்கும் பழைய பந்து அந்த வேலையைச் செலவில்லாமற் செய்யும்.

நாளொன்றுக்கு அரை மணி நேரம் போதும். கிழமைக்கொருமுறை மூன்று மணி நேரம் ஆடித் தோளை நோகச்செய்வதிலும் நாள்தோறும் அரை மணி நேரம் ஆடுவது மேல். வெய்யில் ஏறுமுன் காலையிலோ, தாழ்ந்தபின் மாலையிலோ வைத்துக்கொள்ளலாம். முதற் சில நிமிடங்கள் ஒரே அடியை அடித்துக் கையைச் சூடேற்றிய பின், கட்டங்களை மாற்றி மாற்றிக் குறிபார்க்கவேண்டும். அடுத்த கட்டத்தின் இலக்கத்தை வீட்டிலுள்ள தம்பியோ தங்கையோ கூவிச் சொன்னால் இன்னும் நல்லது. பந்து சுவரிற் பட்டுத் திரும்புவதற்குள் கூவவேண்டும் என்று விதி வைத்தால் இருவருக்கும் வேலையிருக்கும். கடைசி ஐந்து நிமிடங்கள் பிள்ளைக்கே உரியவை. அதிலே பெரியவர்கள் தலையிடலாகாது. இடக்கையால் அடிக்கட்டும்; உயரத் தூக்கி அடிக்கட்டும்; போர்க்கைப் போல நாடுகளை மோதவிடட்டும்; இதுவரை எவரும் ஆடாத ஓர் ஆட்டத்தை உண்டாக்கிப் பெயரும் வைக்கட்டும். அதன் விதிகளை எழுதச் சொன்னால் அன்றைய கட்டுரைப் பயிற்சியும் முடிந்துவிடும்.

ஒரு சிறு அப்பியாசப் புத்தகமும் வேண்டும். ஆடப் போகுமுன் அன்றைய கேள்வியை ஒரு வரியில் எழுதவேண்டும்: "பந்து ஏன் கோட்டுக்குக் கீழே படுகிறது?" என்பதுபோல. வந்தபின் கண்டதை ஒரு வரியில் எழுதவேண்டும். எண்ணிக்கை எழுதவேண்டியதில்லை. எண்ணிக்கை எழுதத் தொடங்கினாற் பெற்றோர் அதைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். புத்தகத்தை எடுத்துப் படிப்பதற்குமுன் முகம் கழுவிச் சற்றே ஆறியிருக்கவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பந்து சுவரிற் படும் ஓசை ஆடுபவனுக்கு இனிமையாக இருக்கும், மற்றவர்களுக்கு அப்படியன்று. சுவர் அயல்வீட்டாருக்கும் பொதுவானதாயின், கோடு இழுப்பதற்கு முன்னரே அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவைத்துக்கொள்வது நன்று. அவர்கள் வீட்டுப் பிள்ளையையும் ஆட்டத்திற் சேர்த்துக்கொண்டால் அந்தக் கரைச்சலும் தீர்ந்துவிடும்.